பறக்க நினைத்தவர் செய்த வண்டி

1990-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். எஸ்.பி.எம். தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். அன்று எனக்குக் கூடுதல் கணிதத் தாள். உலு திராமிலிருந்து ஜொகூர் பாருவில் உள்ள பள்ளிக்கு அப்பாவின் பழைய வெஸ்பாவில் போய்க்கொண்டிருந்தோம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெப்ராவ் சாலையில் பாதி வழி கடந்திருப்போம். வண்டியின் பின்புறம் திடீரென்று இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. அப்பா வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். பின் டயரில் ஓர் ஆணி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலை ஆறரை மணிக்கு எந்தப் பட்டறை திறந்திருக்கும்? கைத்தொலைபேசி இல்லாத காலம் அது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வண்டியின் இடது பக்க மூடியைக் கழற்றினார். அதற்குள் ஒரு மாற்றுச் சக்கரம் இருந்தது. என்னை வண்டியை என்ஜின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். 13-ஆம் எண் ஸ்பானரை எடுத்து ஐந்து நட்டுகளைக் கழற்றினார். பழைய சக்கரம் கையோடு வந்தது. புதியதை மாட்டி, ஐந்து நட்டுகளையும் எதிரெதிராக முடுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கையில் கொஞ்சம் சேறு மட்டும்தான். தேர்வு மண்டபத்திற்குள் நுழைந்தபோது நான் கடைசி ஆளாகக்கூட இல்லை.

எங்கள் வரிசையில் இருந்த மற்றவர்களிடம் கப்சாய் மோட்டார்கள்தான் இருந்தன. நல்ல வண்டிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பின் டயர் போனால் அச்சைத் தட்டி எடுக்க வேண்டும், சங்கிலியைத் தளர்த்த வேண்டும், பிரேக் தண்டைக் கழற்ற வேண்டும். சாலை ஓரத்தில் பள்ளிச் சீருடையோடு செய்கிற வேலையில்லை அது. வெஸ்பாவில் மட்டும் ஏன் சக்கரம் கார்ச் சக்கரம்போல ஒரு பக்கத்திலிருந்தே கழன்று வருகிறது? இதை யார் யோசித்தார்கள்? அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு எழவில்லை. எழுந்தபோது வேறொரு வருத்தத்தில் இருந்தேன்.

அதைச் சொல்ல வேண்டுமானால் செனாய் விமான நிலையத்தில் இருந்து தொடங்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை அங்கே அழைத்துப் போவார். வேலிக்கு வெளியே வெஸ்பாவை நிறுத்திவிட்டு, விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டு நிற்போம். விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த வேலி ஓரத்தில்தான் வந்தது. தேர்வு முடிவு வந்தது. மோசமில்லை. ஆனால் கேட்ட துறை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பராமரிப்புப் படிப்பு. முதல் பருவம் முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன்.

ஒருநாள் நூலகத்தில், பழைய இத்தாலிய வண்டிகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெஸ்பா பக்கத்திற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் ஒரு வினோத இயந்திரத்தின் கறுப்பு வெள்ளைப் படம். கம்பிக் கூடு, மேலே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள். ஹெலிகாப்டர்! தவறான படத்தை அச்சிட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே இருந்த விளக்கத்தைப் படித்தேன். இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். அவர் பெயர் கொராடினோ டஸ்கானியோ.

இன்று உங்களில் பலருக்கு வெஸ்பா தெரியும். அதைச் செய்தவரின் வாழ்க்கை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

இத்தாலியின் நடுப்பகுதியில், மலைகள் சூழ்ந்த அப்ரூட்ஸோ வட்டாரத்தில் போப்போலி என்ற சிற்றூர் இருக்கிறது. 1891-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி டஸ்கானியோ அங்கே பிறந்தார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அந்தச் செய்தி பையனை விடவில்லை. பதினைந்து வயதில் தானே ஒரு மிதவை விமானத்தைக் கட்டி, ஊருக்கு அருகில் இருந்த மேட்டிலிருந்து பறக்கவிட முயன்றார். ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்த வயதில் அவருக்கு விமானப் பொறியியல் என்று படிக்க எந்தப் பாடமும் இல்லை. அந்தத் துறையே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

1914-இல் துரின் நகரின் பொறியியல் உயர்கல்விக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். அடுத்து முதல் உலகப் போர். இராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்தார். ஓட்டுவதைவிட இயந்திரங்களைச் சோதிப்பதும் பராமரிப்பதும்தான் அவருடைய வேலை. இத்தாலியில் தயாரிக்கத் தகுந்த விமான என்ஜினைத் தேர்ந்தெடுக்க அவரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பிறகு பொமிலியோ என்ற விமான நிறுவனத்தில் வேலை. 1918-இல் அந்தக் குடும்பத்தாரோடு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகருக்குப் போனார். போர் முடிந்ததும் அங்கே விமானங்களுக்குத் தேவை குறைந்தது. 1919-இல் ஊர் திரும்பினார். அடுத்த சில ஆண்டுகள் போப்போலியில் பொறியாளராக ஊர் வேலைகளைப் பார்த்துக்கொண்டும் சிறு சிறு கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டும் கழிந்தன.

ஆனால் மனம் மேலேயே இருந்தது. விமானத்துக்கு நீண்ட ஓடுதளம் வேண்டும். நின்ற இடத்திலிருந்து நேராக எழும்ப முடியுமா? 1925-இல் பியெத்ரோ த்ரோயானி என்ற பிரபுவோடு கூட்டுச் சேர்ந்து ஹெலிகாப்டர் செய்ய ஒரு நிறுவனம் தொடங்கினார். பணம் த்ரோயானியுடையது, மூளை டஸ்கானியோவுடையது. முதல் இரண்டு இயந்திரங்களும் சரியாக அமையவில்லை.

ஹெலிகாப்டரில் என்ன சிக்கல் என்று ஒரு நிமிடம் பார்ப்போம். மேலே ஒரு சுழலி வலப்பக்கம் சுழன்றால், கீழே உள்ள உடல் இடப்பக்கம் சுழலப் பார்க்கும். இயற்பியலில் நீங்கள் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். இன்றைய ஹெலிகாப்டர்களின் வாலில் ஒரு சின்னச் சுழலி இருப்பது அதைத் தடுப்பதற்காகத்தான். டஸ்கானியோ வேறு வழியைப் பிடித்தார். ஒரே அச்சில் இரண்டு சுழலிகளை வைத்து அவற்றை எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டார். ஒன்றின் திருப்பு விசையை மற்றொன்று தின்றுவிடும். சுழலித் தகடுகளின் பின்னால் சிறு மடிப்புத் துண்டுகளைப் பொருத்தி, அவற்றைக் கொண்டு இயந்திரத்தைக் கட்டுப்படுத்தினார்.

1930 அக்டோபர். உரோம் நகருக்கு வெளியே சாம்பினோ விமானத்தளம். விமானி மரினெல்லோ நெல்லி அந்த மூன்றாவது இயந்திரத்தில் ஏறினார். சில நாள்களுக்குள் மூன்று உலகச் சாதனைகள்: 18 மீட்டர் உயரம், 8 நிமிடம் 45 விநாடி நேரம், 1,078 மீட்டர் தூரம். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். 18 மீட்டர் என்பது நம் தாமானில் உள்ள ஓர் ஆறு மாடிக் குடியிருப்பின் உயரம்தான். ஆனால் அன்றைக்கு உலகத்தில் வேறு எந்த ஹெலிகாப்டரும் அவ்வளவு உயரம் போனதில்லை. அந்தச் சாதனைகள் பல ஆண்டுகள் நின்றன.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? அரசாங்கம் ஓடி வந்து தொழிற்சாலை கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அதிகாரிகளின் ஆர்வம் மெல்ல வற்றியது. கூட்டாளியின் பணமும் தீர்ந்தது. 1932-இல் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 41. உலகச் சாதனை கையில் இருக்கிறது, வேலை இல்லை. இந்த இடத்தில்தான் நான் அன்று நூலகத்தில் புத்தகத்தை மூடாமல் தொடர்ந்து படித்தேன்.

பியாஜியோ நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. 1884-இல் ஜெனோவா பகுதியில் தொடங்கிய நிறுவனம் அது. கப்பல் உள்வேலைப்பாடு, இரயில் பெட்டி என்று வளர்ந்து விமானத்துக்கு வந்திருந்தது. அங்கே டஸ்கானியோவுக்குக் கொடுத்த வேலை ஹெலிகாப்டர் இல்லை, விமானத்தின் முன் விசிறி. பறக்கும்போதே விசிறித் தகடுகளின் சாய்வை மாற்றிக்கொள்ளும் முறையை அவர் உருவாக்கினார். சைக்கிளில் மேடேறும்போது ஒரு கியர், சமதரையில் ஒரு கியர் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். ஏறும்போது ஒரு சாய்வு, மேலே போய் நேராகப் பறக்கும்போது வேறொரு சாய்வு. அந்த விசிறிகள் நன்றாக விலைபோயின. பைசா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இயந்திர வடிவமைப்பும் கற்பித்தார். 1961 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஆசிரியப் பணி தொடர்ந்தது. இடையிடையே ஹெலிகாப்டர் வரைபடங்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு இரண்டாம் உலகப் போர். பைசாவுக்கு அருகில் பொந்தெடெராவில் இருந்த பியாஜியோ தொழிற்சாலை குண்டுவிமானங்கள் செய்த இடம். நேசநாட்டுப் படைகள் அதைக் குண்டு வீசித் தகர்த்தன. போர் முடிந்தபோது கூரை இல்லை, சாலைகள் இல்லை. தோற்ற நாடான இத்தாலி விமானம் தயாரிக்கவும் கட்டுப்பாடு வந்தது. விமானம் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

நிறுவனத்தை நடத்திய என்ரிகோ பியாஜியோ நடைமுறையாக யோசித்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும். மக்களிடம் கார் வாங்கப் பணம் கிடையாது. மலிவான, யாரும் ஓட்டக்கூடிய ஓர் இரு சக்கர வண்டி வேண்டும். முதலில் அவருடைய ஆள்கள் பியெல்லாவில் ஒன்றைச் செய்தார்கள். அதற்குத் தொழிலாளர்கள் வைத்த பட்டப்பெயர் பாப்பெரினோ. டொனால்ட் டக் என்ற கார்ட்டூன் வாத்துக்கு இத்தாலியில் அதுதான் பெயர். பார்க்கவும் வாத்துமாதிரியே இருந்தது. என்ரிகோவுக்குப் பிடிக்கவில்லை. டஸ்கானியோவைக் கூப்பிட்டார்.

இங்கேதான் வேடிக்கை. டஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. குதிரைமேல் உட்காருவதுபோல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார வேண்டும். சங்கிலி எண்ணெய் கால்சட்டையில் தெறிக்கும். கியர் மாற்றி மாற்றிச் சப்பாத்து கெடும். டயர் போனால் நடுச் சாலையில் திண்டாட வேண்டும். இவைதான் அவருடைய குறைகள். மோட்டார் சைக்கிள் பிரியர் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் இன்னொரு மோட்டார் சைக்கிள்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் ஒவ்வொரு குறைக்கும் தனக்குத் தெரிந்த விமானத் தொழிலிலிருந்து ஒரு விடை தேடினார். குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்யவில்லை. விமான உடலில் தகடே பாரம் தாங்குவதுபோல், அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டையே வண்டியின் உடலாகவும் எலும்பாகவும் ஆக்கினார். முன் சக்கரத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்காமல், விமானத்தின் இறங்கு சக்கரக் கால்போல் ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கினார். என்ஜினைப் பின் சக்கரத்தோடு நேராக இணைத்துவிட்டார். சங்கிலிக்கு வேலையே இல்லை. கியரை இடது கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். முன்னால் காற்றையும் சேற்றையும் தடுக்க ஒரு கேடயம். நடுவில் கால் வைக்க இடம், அதனால் பாவாடை கட்டிய பெண்ணும் ஏறி உட்காரலாம். அவருக்கு வரைபடங்களில் துணை நின்றவர் மாரியோ தெஸ்தே என்ற தொழில்நுட்பர்.

இந்த வடிவத்தை அவர் முதலில் இன்னொரு தொழிலதிபரான பெர்டினாண்டோ இன்னொசெந்திக்காகத்தான் யோசிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இன்னொசெந்தி குழாய் தயாரிப்பாளர். தன் குழாய்களால்தான் சட்டம் இருக்க வேண்டும் என்றார். தகடு என்று பிடிவாதம் பிடித்த டஸ்கானியோ விலகினார். அந்தக் குழாய்ச் சட்ட வண்டிதான் பிறகு லம்பிரெட்டா என்று வந்தது. பழைய வண்டிப் பிரியர்களிடம் வெஸ்பாவா லம்பிரெட்டாவா என்று கேட்டுப் பாருங்கள், மாலை முழுக்கச் சண்டை நடக்கும்.

சில மாதங்களில் மாதிரி வண்டி தயாரானது. அகன்ற பின்புறம், ஒடுங்கிய இடை, ரீங்காரம்போல் என்ஜின் ஒலி. அதைக் கண்ட என்ரிகோவுக்குக் குளவியின் நினைவு வந்தது. இத்தாலிய மொழியில் குளவிக்கு வெஸ்பா என்று பெயர். 1946 ஏப்ரல் 23-ஆம் தேதி புளோரன்ஸ் நகரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 98 சிசி என்ஜின், மூன்று கியர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். மோட்டார் சைக்கிள் வணிகர்கள் முதலில் இதை மதிக்கவில்லை. முதல் ஆண்டில் சுமார் 2,500 வண்டிகள் விற்றன. அடுத்த ஆண்டில் பத்தாயிரத்தைத் தாண்டியது. 1956-இல் பத்து இலட்சமாவது வண்டி வெளியே வந்தது. இதற்கிடையே 1953-இல் வந்த ரோமன் ஹாலிடே படத்தில் ஆட்ரி ஹெப்பர்னும் கிரெகரி பெக்கும் வெஸ்பாவில் ஊரைச் சுற்ற, உலகமே திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் 1960-இல் பஜாஜ் நிறுவனம் உரிமம் பெற்று வெஸ்பாவைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு வந்த பஜாஜ் சேத்தக்கும் அந்த வழியில் வந்த வாரிசுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்கள் அப்பாவின் வண்டியைப் பார்த்ததும் ஊர்ச் சேத்தக் நினைவு வந்து தட்டிக்கொடுப்பார்கள்.

இப்போது என் பட்டறைக்கு வருகிறேன். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாசாயில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூரை. வார நாள்களில் பயிற்றுநர் வேலை, வார இறுதியில் பழைய வெஸ்பாக்கள். இளைஞர்கள் அழகுக்காகப் பழைய வண்டியை வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அது கிளம்பவில்லை என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். இங்கே டஸ்கானியோ எனக்குத் தினமும் உதவுகிறார்.

கிளம்பாத வண்டிக்கு நான் ஒரே வரிசையில்தான் போவேன். முதலில் தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் மூடியோடு இணைத்து, என்ஜின் உலோகத்தில் படும்படி வைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். நீல நிறப் பொறி தெரிந்தால் அடுத்தது பெட்ரோல். பிளக்கின் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் பழைய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்திருக்கும். அதைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்து ஊதுங்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். கடைசியில் காற்று. ஓடி வந்த வண்டியின் பிளக் பால் கோப்பி நிறத்தில் இருந்தால் நலம். வெள்ளையாக வெளுத்திருந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பம்பு இல்லாத வண்டியாக இருந்தால் பெட்ரோலில் இருவீச்சு எண்ணெய் கலக்க மறக்கக் கூடாது. அப்பாவின் பி.எக்ஸ். 150-க்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர்.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டாம். பக்க மூடியைத் திறந்தால் என்ஜின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என்ஜினை மொத்தமாகக் கழற்ற வேண்டுமா? கேபிள்களையும் கம்பிகளையும் விடுவித்து, நீண்ட ஒரு போல்ட்டையும் அதிர்வுத்தாங்கியின் போல்ட்டையும் எடுத்துவிட்டால் பின் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். விமானத்தளத்தில் பராமரிப்பு வேலை பார்த்த ஒருவர் யோசித்தது இது என்று எனக்குத் தோன்றும். அங்கே ஒரு மூடியைத் திறந்தால் பழுதான பாகம் கைக்கு வர வேண்டும். நேரம் இருக்காது.

குறையே இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். என்ஜின் முழுக்க வலப்பக்கம் தொங்குவதால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சின்னச் சக்கரம் மழைநீர் நிறைந்த குழியில் விழுந்தால் ஆபத்து. தகடே எலும்பு என்பதற்கும் ஒரு விலை உண்டு. நம் ஜொகூர் மழையில் தரைத் தகடு துருப்பிடித்தால் கெட்டது வண்டியின் முதுகெலும்பு. பழைய வெஸ்பா வாங்கப் போகிறவர்கள் மேலே பளபளக்கும் சாயத்தைப் பார்க்காமல், கால் வைக்கும் இரப்பர் விரிப்பைத் தூக்கி அடியில் பாருங்கள். சாயம் பூசி விற்கிறவர்கள் அதைக் காட்ட மாட்டார்கள்.

டஸ்கானியோவின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது வெஸ்பாவோடு முடியவில்லை. அவருக்கு அப்படி முடிவதில் விருப்பமும் இல்லை. வெஸ்பா உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் பியாஜியோவில் ஹெலிகாப்டர் முயற்சியைத் தொடர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் அதுவும் கைவிடப்பட்டது. இதற்குள் அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி செய்த ஹெலிகாப்டர்கள் நூற்றுக்கணக்கில் பறந்துகொண்டிருந்தன. சிகோர்ஸ்கியின் இயந்திரம் முதலில் தரையை விட்டு எழுந்தது 1939-இல். டஸ்கானியோவுடையது எழுந்தது 1930-இல். அந்த ஒன்பது ஆண்டுக் கணக்கை அவர் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பாரோ!

பிறகு பியாஜியோவை விட்டார். 1964-இல், 73 வயதில், அகுஸ்தா ஹெலிகாப்டர் நிறுவனத்தோடு சேர்ந்தார். பயிற்சிக்கான ஒரு சிறிய ஹெலிகாப்டரை வடிவமைத்தார். அது தொழிற்சாலை உற்பத்திக்குப் போகவில்லை. தன்னை எல்லாரும் ஸ்கூட்டர் செய்தவராக மட்டுமே நினைக்கிறார்களே என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1981 ஆகஸ்டு 6-ஆம் தேதி பைசாவில் காலமானார். வயது 90.

இதை நான் மாணவர்களிடம் சொல்லும்போது சிலர், அவர் வெற்றி பெற்றவரா தோற்றவரா என்று கேட்பார்கள். நானும் அந்த நூலகத்தில் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். ஒருகாலத்தில் அவர் வென்றவர் என்று அடித்துச் சொல்வேன், எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. இப்போது அவ்வளவு எளிதாகச் சொல்ல வாய் வருவதில்லை. அவர் விரும்பியது ஒன்று, உலகம் எடுத்துக்கொண்டது வேறொன்று. வலி இருந்தது. ஆனாலும் பிடிக்காத வேலையை அவர் அரைமனதாகச் செய்யவில்லை. அரைமனதாகச் செய்திருந்தால், தெப்ராவ் சாலையில் அந்தக் காலையில் நான் அழுதுகொண்டே நின்றிருப்பேன்.

அப்பா இப்போது இல்லை. அவருடைய பி.எக்ஸ். 150 இருக்கிறது. ஆணி குத்திய அந்த டயரைப் பிறகு மாற்றிவிட்டோம், சக்கரம் அதேதான். பட்டறைச் சுவரில் 1930-ஆம் ஆண்டு ஹெலிகாப்டரின் படத்தைப் பெரிதாக்கி ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படிவம் ஆறு படிக்கும் ஒரு தம்பி வந்தான். மூன்றாவது கியர் விழவில்லையாம். படத்தைப் பார்த்துவிட்டு, இது நிஜமாகவே பறந்ததா சார் என்று கேட்டான். 18 மீட்டர் என்றேன். வெளியே போய்ப் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்து அளந்துவிட்டுத் திரும்பினான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பழைய கியர் கேபிளில் இரண்டு இழைகள் அறுந்திருந்தன. புதியதை உள்ளே செலுத்தி, முனையை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.